தாட்டே என்றொரு குருவி

தாட்டே என்ற குருவியை இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் முனைவர் செண்பகவல்லி தொகுத்த குவையர் மொழி அகராதியில் அது இருக்கிறது: 'தாட்டே — சிறு குருவி வகை. மனித நடமாட்டம் கண்டால் பறந்துவிடும்.' இந்த ஒரு வரியை நம்பி எங்கெங்கிருந்தோ பறவை ஆர்வலர்கள் கழுத்தில் தொலைநோக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு தும்பிப்பாறை மலைக்கு வந்தார்கள். அட்டை கடித்த கால்களோடு திரும்பிப் போனார்கள். ஒருவர் மட்டும் அதன் குரலைக் கேட்டதாகக் கட்டுரை எழுதினார். கட்டுரை எழுதுகிறவர்களுக்கு எதுவும் கேட்காமலா போய்விடும்.

செண்பகவல்லி அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்தக் குருவி இல்லை. பொள்ளாச்சிக்கு மேலே, மேகம் வாசலில் உட்கார்ந்து போகும் உயரத்தில், ஐம்பது அறுபது வீடுகளாக வாழ்கிற குவையர்களின் பேச்சில் 'இல்லை', 'மாட்டேன்', 'வேண்டாம்' என்பதற்கெல்லாம் சொல்லே கிடையாது என்று கண்டுபிடித்தவள் அவள். எதைக் கேட்டாலும் அவர்கள் சொல்வது 'ஆகட்டும்'. அதை வைத்து அவள் எழுதிய 'மறுக்கத் தெரியாத மக்கள்' என்ற புத்தகம் பல மொழிகளுக்குப் போனது, கல்லூரிகளில் பாடமானது. 'கூடாது' என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த கோவில்பட்டிப் பெண்ணுக்கு அந்த மலை சொர்க்கமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. கால் நூற்றாண்டாக வருடத்தில் பாதியை அங்கேதான் கழித்தாள். பள்ளிக்கூடக் கட்டிடத்தில் ஓர் அறை, ஒரு ரெக்கார்டர், போகும்போதெல்லாம் ஒரு பை நிறைய ரஸ்க்கும் தேயிலைத் தூளும். கல்யாணம், குழந்தை என்று ஊரில் எல்லோரும் கேட்டு ஓய்ந்துபோன பிறகும் அவளுக்கு அந்த மலை போதுமானதாக இருந்தது.

அப்படிப்பட்டவளைப் பார்க்கத்தான் சுதர்சனம் கோயம்புத்தூர் வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்தான். அவளுடைய பழைய மாணவன். இப்போது அரசின் குடிக்குரல் திட்டத்துக்கு அவன்தான் தலைமை. பெட்டி சாம்பல் நிறத்தில், சின்ன டிபன் பாக்ஸ் அளவுக்குத்தான் இருந்தது.

"பேசிப் பாருங்க மேடம்."

"என்னத்தப் பேச?"

"கெம்பியம்மாகிட்டப் பேசற மாதிரியே பேசுங்க."

கெம்பி தும்பிப்பாறையில் அவளுக்கு மிக நெருக்கமானவள். அவள் வயதுதான். செண்பகவல்லி கொஞ்சம் வெட்கத்தோடு பெட்டியைப் பார்த்து, "கெம்பி, நல்லாருக்கியா?" என்றாள்.

"வாங்க வல்லியம்மா. மழைல நனஞ்சுட்டீங்களா? அடுப்புகிட்ட வந்து உக்காருங்க," என்றது பெட்டி. பிறகு சிரித்தது. கடைசியில் இருமலாக முடியும் கெம்பியின் அதே சிரிப்பு.

செண்பகவல்லிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த மொழி அழியாமல் இருக்க வேண்டும் என்றுதான் தன் ஒலிப்பதிவுகள் மொத்தத்தையும் அவள் அவனிடம் கொடுத்திருந்தாள். இப்படி உயிரோடு திரும்பி வரும் என்று அவள் நினைக்கவில்லை.

"உங்க பதிவுகளை ஊட்டி வளர்த்ததுதான் மேடம். குவையர்கிட்ட ஒரு கேள்வி கேட்டா அவங்க என்ன சொல்லுவாங்களோ அதையே இதுவும் சொல்லும்."

"அவங்கதான் அங்க இருக்காங்களே. அவங்ககிட்டயே கேட்டா என்னப்பா?"

"கேட்டுத்தான் எல்லாம் கெட்டுது. பழங்குடி ஊர்ல கூட்டம் போட்டுச் சம்மதம் வாங்கின கதையெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? முந்தின நாளே பிரியாணி போகும், மிரட்டல் போகும். செத்துப்போனவங்க கைநாட்டு கூட இருக்கும். இதுக்குப் பிரியாணியும் கொடுக்க முடியாது, பயமும் காட்ட முடியாது. அதனாலதான் இது சொல்ற வாக்கைச் சட்டமே சம்மதமா ஏத்துக்குது."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவன் கெட்டவனும் இல்லை. அந்தக் கைநாட்டு அநியாயங்களைப் பார்த்து மனம் கொதித்துத்தான் இந்த வேலைக்கே வந்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

"இப்ப எதுக்குச் சம்மதம்?" என்று கேட்டாள்.

சுதர்சனம் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான். "தும்பிப்பாறையில நீர்த்தேக்கம் வருது மேடம். ஊர் தண்ணிக்குள்ள போயிரும். சமவெளியில வீடு கட்டித் தர்றாங்க. இந்தக் குடிக்குரல் பெட்டி சம்மதம் சொல்லிருச்சு. மலைமேலயே ஒரு விசாரணை வைக்கணும்னு விதி. அடுத்த வாரம் ஆணையம் வருது. இது குவையரோட குரல்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

செண்பகவல்லி பெட்டியின் பக்கம் திரும்பினாள். "கெம்பி, ஊரை விட்டுப் போயிருவியா?"

"ஆகட்டும் வல்லியம்மா," என்றது பெட்டி, கொஞ்சமும் தயங்காமல்.

"நான் ஒருதடவை நேர்ல போய்க் கேட்டுட்டு வந்துர்றேன்," என்றாள் அவள்.

"தாராளமா. நாங்களும் போய்க் கேட்டோம். இதே பதில்தான் வந்துச்சு."

*

கெம்பியின் வீட்டு வாசலில் பலாமரம் ஒன்று உண்டு. அதன் நிழலில் செண்பகவல்லிக்குப் பாய் போட்டு, சாமை வேகவைத்துத் தேன் விட்டுக் கொடுத்தார்கள். ரஸ்க் பையை வாங்கி உள்ளே வைத்தார்கள். எல்லாம் எப்போதும்போலத்தான் நடந்தது.

"கெம்பி, ஊருக்குள்ள தண்ணி வரப்போகுதாமே. கீழ போயிருவீங்களா?"

"ஆகட்டுங்க வல்லியம்மா," என்று சிரித்தாள் கெம்பி.

அவள் புருஷன் மாசியிடம் கேட்டாள். பக்கத்து வீடுகளில் கேட்டாள். வாய் நிறையச் சிரிப்போடு எல்லோரும் ஆகட்டும் என்றார்கள். பெட்டி ஒரு சொல்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. தான் செய்த வேலை சுத்தமாக இருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் துக்கம்தான் வந்தது. இவர்களுக்குக் கொஞ்சம் கோபமாவது வரக்கூடாதா என்று இருந்தது.

சாமான்களைக் கட்டுவதற்கு அதிகாரிகள் வீட்டுக்கொரு தகரப் பெட்டி கொடுத்திருந்தார்கள். கெம்பியின் மருமகள் மயிலாத்தா அதை மூலையிலிருந்து இழுத்து வந்து வாசலில் வைத்தாள்.

"அத்தே, துணியெல்லாம் இதுல எடுத்து வச்சிரட்டா?"

"தாட்டே," என்றது ஒரு குரல்.

செண்பகவல்லி சட்டென்று பலாமரத்தை அண்ணாந்து பார்த்தாள். கை தன்னால் ரெக்கார்டரைத் தேடியது. கிளையில் ஒன்றும் இல்லை. அவள் தலையைக் குனிந்தபோது மயிலாத்தா தகரப் பெட்டியை மறுபடி மூலைக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

சற்று நேரம் கழித்து மாசி ஆட்டுக் கொட்டிலிலிருந்து இரண்டு ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு வந்தார். "கீழ ஆடு கட்ட எடமில்லைங்கறாங்க. இதுகள வித்துப்புடலாமா?"

"தாட்டே." இந்த முறை குரல் ஓங்கி விழுந்தது.

செண்பகவல்லி மறுபடியும் அண்ணாந்து பார்த்தாள். மயிலாத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைக் கண்டதும்தான் தலையை இறக்கினாள். கெம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். விருந்தாளி முன்னால் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டவள் முகம் அது.

"குருவிங்க வல்லியம்மா," என்றாள் கெம்பி. "இப்பத்தான் பறந்து போச்சு."

மாசி ஆடுகளைத் திரும்பக் கொட்டிலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

தகரப் பெட்டி மூலைக்குப் போனது. ஆடு கொட்டிலுக்குப் போனது. எந்தக் குருவி கத்தினால் ஆடு கொட்டிலுக்குத் திரும்பும்? செண்பகவல்லி பாயில் உட்கார்ந்தபடியே இருந்தாள். அவள் மலைக்கு வந்த முதல் வருடம் நினைவுக்கு வந்தது. அவள் தட்டிலிருந்த ரஸ்க்குக்குக் கை நீட்டிய குழந்தையைப் பார்த்து அதன் அம்மா 'தாட்டே' என்றாள். குழந்தை கையை இழுத்துக்கொண்டது. 'அப்படின்னா என்ன?' என்று இவள் ஆர்வமாகக் கேட்டாள். அந்த அம்மா சங்கடத்தோடு மரத்தைக் காட்டி 'குருவி' என்றாள். இவளும் பயபக்தியோடு எழுதிக்கொண்டாள்.

அவர்களுக்கு மறுக்கத் தெரியும். தகரப் பெட்டியை மறுக்கத் தெரியும், புருஷனை மறுக்கத் தெரியும். விருந்தாளி கேட்டதை மறுப்பதுதான் அங்கே வழக்கமில்லை. விருந்தாளி காதில் படும்படி அந்தச் சொல்லை உச்சரிப்பதே மரியாதைக் குறைவு. அவள் சேர்த்த ஒலிப்பதிவுகளில் நூற்றுக்கணக்கானவர்கள் பேசியிருந்தார்கள். ஆனால் எல்லாவற்றிலும் இருந்த ஒரே ஆள் அவள்தான். சுதர்சனத்தின் பெட்டி படித்தது குவையர் பேச்சை இல்லை. விருந்தாளியிடம் குவையர் பேசும் பேச்சை.

அதற்கு மேல் யோசிக்க அவளுக்கே பயமாக இருந்தது. மாமன் மகளைக் கட்டுவீங்களா என்று கேட்டிருக்கிறாள். ஆமா என்றார்கள். செத்தவங்க மழையா வருவாங்கன்னு நம்பறீங்களா என்று கேட்டிருக்கிறாள். ஆமா என்றார்கள். அந்த மழைக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருந்தாள். அவள் கேட்டதெல்லாம் குவையரிடம் இருந்தது. அவள் கேட்காத எதுவும் அந்தப் புத்தகத்தில் இல்லை.

"கெம்பி, உனக்கு ஊரை விட்டுப் போக மனசில்லைதானே?"

"ஆமாங்க வல்லியம்மா."

"இல்ல, போக மனசிருக்கா?"

"ஆமாங்க."

"விசாரணைக்கு வர்றவங்ககிட்ட தாட்டேன்னு சொல்லுவியா?"

"ஆகட்டுங்க," என்று சிரித்தாள் கெம்பி.

வருகிறவர்களும் விருந்தாளிகள்தான். அவர்களிடம் கெம்பி அந்தச் சொல்லைச் சொல்லவே போவதில்லை. சொல்வதானால் செண்பகவல்லிதான் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் புத்தகத்தோடு அவளுடைய கால் நூற்றாண்டும் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பலாமரமும் கொட்டிலும் தண்ணீருக்குள் போகும். அவளுக்கு அழுகை வந்தது. புத்தகத்துக்காக இல்லை. இந்த வீட்டுப் பிரசவத்துக்கு விளக்குப் பிடித்திருக்கிறாள், சாவுக்குக் கூட நின்று அழுதிருக்கிறாள். அப்படியும் விருந்தாளி என்ற வாசற்படியைத் தாண்டி இவர்கள் அவளை உள்ளே விடவே இல்லை. கெம்பிமேல் அவளுக்குக் கடுமையான கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே சாமையை மிச்சம் வைக்காமல் தின்றாள்.

*

விசாரணைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ஆணையத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். ஊரே தரையில் உட்கார்ந்திருந்தது. கெம்பியும் மயிலாத்தாவும் வந்தவர்களுக்கெல்லாம் தேன் விட்ட தேநீர் கொடுத்தார்கள்.

சுதர்சனம் பெட்டியை மேஜைமேல் வைத்தான். நீர்த்தேக்கம் கட்டலாமா என்று தலைவர் கேட்டார். பெட்டி ஆகட்டும் என்றது. பிறகு செண்பகவல்லியை அழைத்தார்கள்.

"இது குவையரின் குரல்தானா?" என்று கேட்டார் தலைவர்.

"இதுகிட்ட நான் ரெண்டு மூணு கேள்வி கேக்கலாமா ஐயா?"

"கேளுங்க."

அவள் பெட்டியை நெருங்கினாள். "கெம்பி, நீர்த்தேக்கம் கட்டாம விட்டுரலாமா?"

"ஆகட்டும் வல்லியம்மா."

"இந்த மலையை வெட்டி லாரியில ஏத்திக் கடல்ல கொண்டு போய்க் கொட்டிரலாமா?"

"ஆகட்டுங்க."

"உன் வீட்டு ஆட்டையெல்லாம் இந்த ஐயா கார்ல ஏத்தி விட்டுரலாமா?"

"ஆகட்டுங்க. அவருக்கும் உதவுமில்ல," என்றது பெட்டி.

பந்தலில் பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சுதர்சனம் எழுந்தான். அவன் முகம் சிவந்திருந்தது. "ஐயா, இதுல பெட்டியோட தப்பு எதுவும் இல்ல. குவையர் பேச்சுல மறுப்புச் சொல்லே இல்லைன்னு எழுதினவங்களே மேடம்தான். அவங்க புத்தகப்படிதான் இது பேசுது. ஒண்ணு இந்தச் சம்மதம் சரியா இருக்கணும், இல்லேன்னா மேடம் புத்தகம் தப்பா இருக்கணும்."

"புத்தகம் தப்பு," என்றாள் செண்பகவல்லி.

சொல்லும்வரைதான் பயமாக இருந்தது. சொன்ன பிறகு காய்ச்சல் விட்ட மாதிரி உடம்பு லேசாகிவிட்டது. தாட்டேயைப் பற்றியும் பலாமரத்தைப் பற்றியும் தான் அண்ணாந்து பார்த்ததைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு பெட்டியிடம், "கெம்பி, தாட்டேன்னா என்ன?" என்று கேட்டாள்.

"குருவிங்க வல்லியம்மா. இப்பத்தான் பறந்து போச்சு," என்றது பெட்டி.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க சொல்றதும் உங்க சொல்தானே அம்மா. அதுக்கு என்ன ஆதாரம்?" என்றவர், தேநீர்த் தட்டோடு நின்றிருந்த கெம்பியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவங்க சொன்னது சரியா?"

"ஆமாங்க ஐயா," என்றாள் கெம்பி.

"அப்ப இந்தப் பெட்டி சொன்னது தப்பா?"

"ஆமாங்க."

சுதர்சனம் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தலைவர் ஏதோ எழுதப்போனவர் பேனாவை நிறுத்தினார். கெம்பியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குரலை மாற்றிக் கேட்டார்.

"ஒருவேளை இவங்க சொன்னது பொய்யோ?"

"ஆமாங்க ஐயா," என்றாள் கெம்பி, அதே சிரிப்போடு. "இன்னுங் கொஞ்சம் தேன் விடட்டுங்களா?"

இந்த முறை பந்தலில் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் தன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்து தன்னையே கனிவோடு பார்த்துக்கொண்டிருந்த அத்தனை முகங்களையும் பார்த்தார்.

"ஆமான்னு சொல்றதுக்கு மதிப்பு வரணும்னா இல்லைன்னு சொல்ற வழியும் இருக்கணும்," என்று மெதுவாகச் சொன்னார். "இந்தப் பெட்டிகிட்ட அந்த வழி இல்லை. இதோட சம்மதம் செல்லாது. முறையா கேட்கிற வரைக்கும் மலைமேல ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது." எழுந்துகொள்ளும்போது அவர் செண்பகவல்லியிடம் கேட்டார். "முறையா கேட்கிறதுன்னா எப்படிம்மா கேட்கிறது?"

"விருந்தாளியா வந்து கேட்டாக் கிடைக்காதுங்க ஐயா."

"வேற எப்படி வர்றது?"

"அது எனக்கே தெரியல," என்றாள் அவள்.

எல்லோரும் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தபோது சுதர்சனம் அவளிடம் வந்தான். கோபம் வடிந்து வெறும் களைப்புதான் அவன் முகத்தில் இருந்தது. "பெட்டி போனாப் போகட்டும் மேடம். உங்க வகுப்புல உக்காந்து கேட்டதை நம்பித்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். அதுல எதுதான் நிஜம்?"

"அவங்க எனக்கு நல்லா விருந்து போட்டாங்க. அது நிஜம்," என்றாள். "மத்தது தெரியல சுதர்சனம்."

அவன் பெட்டியைத் தூக்கியபோது அது, "போயிட்டு வாங்க," என்றது. அவன் அதன் சுவிட்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

*

புத்தகத்தைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகம் அவளுக்குக் கொடுத்திருந்த ஆய்வுப் பதவியைக் கௌரவமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பறவை ஆர்வலர் ஒருவர் மட்டும், குரலைக் கேட்டதாக எழுதியவர்தான், அவள்மேல் கடுமையாக ஒரு கட்டுரை எழுதினார்.

மழை ஓய்ந்த பிறகு செண்பகவல்லி மறுபடி தும்பிப்பாறைக்குப் போனாள். பேருந்தை விட்டு இறங்கிப் பாதி மலை ஏறிய பிறகுதான் ரஸ்க் வாங்க மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் வாங்கவும் மனம் வரவில்லை.

கெம்பி பலாமரத்தடியில் அவரைக்காயைக் குவித்து வைத்து உரித்துக்கொண்டிருந்தாள். மூலையிலிருந்த தகரப் பெட்டிக்குள் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. செண்பகவல்லி பாய்க்காகக் காத்திருக்காமல் வெறும் தரையில் உட்கார்ந்தாள். மடியில் ரெக்கார்டர் இருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததை ஒருவழியாகச் சொன்னாள்.

"கெம்பி, நான் எழுதினதெல்லாம் போச்சு. அடுத்த மாசம் வந்து முதல்லேருந்து ஆரம்பிக்கட்டுமா? ஒவ்வொரு சொல்லா நீ சொல்லு. இந்தத் தடவை சரியா எழுதுவேன்."

கெம்பி உரிப்பதை நிறுத்தவில்லை. செண்பகவல்லியின் மடியிலிருந்த ரெக்கார்டரைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடங்களில் முதல்முறையாகக் கெம்பியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"தாட்டே, வல்லி," என்றாள்.

செண்பகவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி எழுத ஒரு சொல்கூடக் கிடைக்காது என்பது புரிந்தது. ஆனாலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கெம்பி அவரைக்காயில் பாதியை அவள் பக்கம் தள்ளினாள். "வெறுங்கையோட உக்காந்திருக்காம இத உரி."

அவள் ரெக்கார்டரைக் கீழே வைத்துவிட்டு ஒரு காயை எடுத்தாள். மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை.